ஒரு சட்டத்தை மனித இயல்பின் அறிவியலோடு வைத்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் 22 அன்று மாநிலங்களவை சிறார் நீதி மசோதாவை நிறைவேற்றியது. 16 வயது முடிந்து 18 ஆகாத ஒருவர் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவராகக் கருதி வழக்கு நடத்த வழி செய்தது அது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், 2012 டெல்லி கூட்டு வல்லுறவு வழக்கில் தண்டனை பெற்றிருந்த சிறார் விடுதலையாகியிருந்தார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் இரு தரப்பும் அறிவியலைத்தான் துணைக்கு அழைத்தன. "மூளை முதிரவே 25 வயதாகும்" என்றது ஒரு தரப்பு. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சீக்கிரமே முதிர்ந்துவிடுகிறார்கள்" என்றது இன்னொரு தரப்பு. அறிவியல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்விக்குச் சொல்லவில்லை என்று நின்று பார்க்க அப்போது பொறுமை யாருக்கும் இருக்கவில்லை.

நடத்தை அறிவியலும் பரிணாம உயிரியலும் அறத்துக்கும் சட்டத்துக்கும் கொள்கைக்கும் நிறையவே சொல்லக்கூடியவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவற்றைக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே ரத்தம் படிந்த உதாரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். சட்டம் படிக்கும் மாணவர்கள், வரைவு மசோதாவுக்குக் கருத்து எழுத நினைப்பவர்கள், ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ விதி வகுக்க வேண்டியவர்கள் என யாரும் பின்பற்றக்கூடிய படிகள் கீழே உள்ளன. சிறார் நீதிச் சட்டத்தையே ஓடும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

"16 வயதுப் பையனைப் பெரியவனைப்போல் தண்டிக்கலாமா?" ஒரே கேள்விபோலத் தெரிகிறது. பிரித்துப் பாருங்கள். தன் செயலின் விளைவு அவனுக்குப் புரியுமா? புரிந்தாலும், நண்பர்கள் சூழ நிற்கும்போது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியுமா? 30 வயதிலும் இப்படியே இருப்பானா? பெரியவர்களின் சிறைக்கு அனுப்பினால் குற்றம் குறையுமா, கூடுமா? இந்த நான்கும் உலகம் எப்படி இருக்கிறது என்பது பற்றிய கேள்விகள். ஆய்வு செய்து பதில் தேடலாம்.

அப்புறம் வேறு வகைக் கேள்விகள் இருக்கின்றன. கட்டுப்பாடு குறைவு என்றால் பழி எவ்வளவு குறைய வேண்டும்? பாதிக்கப்பட்டவருக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது? நம் கணிப்பு தவறினால் அந்தத் தவறின் சுமையை யார் சுமப்பது? இவற்றுக்கு எந்த மூளைப் படமும் பதில் தராது.

"இப்படி இருக்கிறது" என்ற வாக்கியங்களிலிருந்து "இப்படி இருக்க வேண்டும்" என்ற வாக்கியத்துக்கு நடுவில் படியே இல்லாமல் தாவிவிடுகிறோம் என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 1740-லேயே எச்சரித்தார். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உண்மை பற்றிய கேள்விகள், வலப்பக்கம் மதிப்பு பற்றிய கேள்விகள். எந்தப் பக்கம் போடுவது என்று தயங்க வைக்கும் வாக்கியம் வந்தால், அதற்குள் இரண்டும் கலந்து கிடக்கிறது என்று பொருள். அதை உடைத்து எழுதுங்கள்.

தாவல் எதிர்த்திசையிலும் நடக்கும். "இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே இந்த ஆய்வு பொய்" என்பதும் அதே தவறுதான். நல்ல நோக்கம் கொண்டவர்கள் இதில் அதிகம் விழுகிறார்கள்.

படி 2: எந்த மட்டத்து விளக்கம் என்று கேளுங்கள்

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்கன் 1963-ல் ஒரு கருவியைத் தந்தார். எந்த நடத்தையைப் பற்றியும் நான்கு கேள்விகள் கேட்கலாம்: உடலுக்குள் எது அதை இயக்குகிறது, ஒரு ஆயுளில் அது எப்படி வளர்கிறது, பிழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் அது எப்படி உதவியது, எந்த மூதாதை உயிர்களிடமிருந்து வந்தது. நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் பதிலை இன்னொன்றின் இடத்தில் வைக்கக் கூடாது.

பதின்ம வயதினரின் துணிச்சலை இதில் வைத்துப் பார்ப்போம். இயக்கம்: வெகுமதியை உணரும் மூளைப் பகுதிகள் பருவமடையும் காலத்தில் வேகமாகக் கூர்மையடைகின்றன, தன்னைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதிகள் மெதுவாக முதிர்கின்றன. வளர்ச்சி: இந்த இடைவெளி பதின்ம வயதின் நடுவில் பெரிதாக இருந்து, இருபதுகளில் குறைந்துவிடுகிறது. பயன்: பிறந்த குடும்பத்தை விட்டு வெளியேறவும், துணை தேடவும், சகாக்களிடையே ஒரு இடத்தைப் பிடிக்கவும் துணிச்சல் உதவியிருக்கலாம். வரலாறு: மற்ற பாலூட்டிகளின் இளம் வயதிலும் இதன் சாயல் இருக்கிறது. சக எலிகள் உடனிருக்கும்போது இளம் சுண்டெலிகள் கூடுதலாக மது அருந்தின, வளர்ந்த சுண்டெலிகளிடம் அந்த மாற்றம் இல்லை என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சட்டத்துக்கு இவற்றில் எது தேவை? பெரும்பாலும் முதல் இரண்டுதான். மூன்றாவது, அதாவது "இது எதற்காக உருவானது" என்ற கதை, கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் சோதிப்பது கடினம். நீதிமன்றத்தில் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்க முடியாது. பரிணாம விளக்கத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நடத்தை பல சமூகங்களில், பல உயிரினங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தால், "வளர்ப்பு சரியில்லை" என்ற ஒற்றை விளக்கம் போதாது என்று அது நமக்குச் சொல்கிறது. எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது.

படி 3: "இயற்கை" என்ற சொல்லை "மாற்ற முடியாதது" என்று படிக்காதீர்கள்

இதற்கு நான் பார்த்ததில் மிகத் தெளிவான சான்று கொலைக் குற்றங்களின் வயது வரைபடம். கனடா ஆய்வாளர்கள் மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் இருவரும் சிகாகோ நகரத்தின் கொலை விகிதத்தையும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் விகிதத்தையும் வயதுவாரியாக ஒப்பிட்டார்கள். இரண்டு வளைவுகளும் ஒரே வடிவம். இளம் ஆண்களிடம் சரசரவென்று ஏறுகிறது, பிறகு வயது கூடக் கூட இறங்குகிறது. பெண்களின் கோடு கீழேயே கிடக்கிறது. ஆனால் உயரம்? சிகாகோவின் வளைவு சுமார் 30 மடங்கு உயரம்.

வடிவம் ஏன் எங்கும் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்குப் பரிணாமம் ஒரு பதில் தரக்கூடும். இளம் ஆண்களிடையே நிலவும் போட்டி, துணிச்சல், மானப் பிரச்சினை என்று அது போகும். ஆனால் உயரம் துப்பாக்கி எவ்வளவு எளிதில் கிடைக்கிறது, வேலை இருக்கிறதா, காவல்துறையை நம்ப முடிகிறதா என்பவற்றைப் பொறுத்தது. அதாவது கொள்கையைப் பொறுத்தது. மனித மனம் ஒரே இயல்போடு இருந்துகொண்டே, சூழல் மாறும்போது 30 மடங்கு வேறாக நடந்துகொள்ளும். இந்த ஒரு வரைபடத்தை மனதில் வைத்திருந்தால், "மனித இயல்பே அப்படித்தான், ஒன்றும் செய்ய முடியாது" என்று கை விரிப்பவர்களுக்கும், "இயல்பு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் சமூகம்தான்" என்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிடலாம்.

வயது வளைவு இன்னொன்றையும் சொல்கிறது. பதின்ம வயதில் சட்டத்தை மீறுபவர்களில் பெரும்பாலோர் பிறகு தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின் துணையோடு, உளவியலாளர் டெரி மாஃபிட் 1993-ல் இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டினார்: பதின்ம வயதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர், சிறு வயதிலேயே தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடர்பவர்கள் சிலர். சிக்கல் என்னவென்றால், 16 வயதில் இரு வகையினரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள்.

படி 4: எந்தத் திறன், எந்தச் சூழலில் என்று துல்லியமாகக் கேளுங்கள்

இந்தப் படியில்தான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது என்பதால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம்.

2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றம் செய்தபோது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கு. பதின்ம வயதினர் முதிர்ச்சி குறைந்தவர்கள், சக நண்பர்களின் அழுத்தத்துக்கு எளிதில் ஆளாகிறவர்கள் என்று அமெரிக்க உளவியல் சங்கம் அந்த வழக்கில் வாதிட்டிருந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்கேலியா ஒரு கேள்வி எழுப்பினார். கருக்கலைப்புக்குப் பெற்றோரிடம் தெரிவிப்பது பற்றிய 1990-ம் ஆண்டு வழக்கில், பதின்ம வயதினர் பெரியவர்களைப்போலவே முடிவெடுக்கக்கூடியவர்கள் என்று இதே சங்கம்தானே சொன்னது? தேவைக்கேற்ப அறிவியல் மாறுமா?

நியாயமான கேள்வி. இதற்கு உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் சகாக்களும் 2009-ல் தந்த பதில், 10 முதல் 30 வயது வரையிலான 900-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த தரவிலிருந்து வந்தது. நினைவில் வைத்தல், தர்க்கமாக யோசித்தல் போன்ற அறிவுத் திறன்கள் 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகின்றன. உணர்ச்சி கொதிக்கும்போது தன்னைத் தடுத்துக்கொள்வது, நண்பர்களின் தூண்டுதலை எதிர்ப்பது, நாளைய விளைவை இன்றைய ஆசைக்கு எதிராக எடைபோடுவது ஆகியவை இருபதுகள் வரை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. மருத்துவரிடம் ஆலோசித்து, சில நாட்கள் யோசித்து எடுக்கும் முடிவுக்கு முதல் வகைத் திறன் போதும். நள்ளிரவில் நான்கு நண்பர்களோடு தெருவில் நிற்கும்போது எடுக்கும் முடிவுக்கு இரண்டாவது வகை வேண்டும்.

நண்பர்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு 2005-ல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் நடத்திய சோதனை ஒன்று உண்டு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியபோதும் நண்பர்கள் முன் ஆடியபோதும் எவ்வளவு ஆபத்தை ஏற்கிறார்கள் என்று பார்த்தார்கள். 13 முதல் 16 வயதினரிடம் நண்பர்கள் இருந்தபோது துணிச்சல் பெருமளவு கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இப்போது நம் சட்டத்துக்கு வாருங்கள். 2015 சட்டத்தின் 15-வது பிரிவு என்ன கேட்கிறது? அந்தச் சிறாருக்குக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தார் என்று இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். கவனியுங்கள்: "விளைவு புரியுமா" என்பது அறிவுத் திறன் பற்றிய கேள்வி. 16 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதற்கு "ஆம்" என்றுதான் பதில் வரும். தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறன் பற்றிப் பிரிவு நேரடியாகக் கேட்கவே இல்லை. சட்டம் கேட்ட கேள்விக்கும் அறிவியலின் முக்கியமான கண்டுபிடிப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டுவதுதான், என் பார்வையில், அறிவியல் இந்தச் சட்டத்துக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி. ஓட்டுப் போடும் வயது, ஓட்டுநர் உரிமம் பெறும் வயது, திருமண வயது எல்லாம் ஒரே வயதாக இல்லாதபோதும் அதில் முரண்பாடு இல்லாமல் போவதும் இதனால்தான்.

படி 5: சான்றின் எடையைப் பாருங்கள்

ஒரே ஒரு ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு சட்டம் கேட்காதீர்கள். 2015-ல் ஒரு பெரிய ஆய்வுக் கூட்டணி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சுமார் 36 சதவீதத்தில்தான் மூல முடிவு திரும்பக் கிடைத்தது. இஸ்ரேலில் நீதிபதிகள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கருணையோடும், பசி ஏற ஏறக் கடுமையோடும் நடந்தார்கள் என்ற 2011-ம் ஆண்டு ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் வழக்குகள் வந்த வரிசையே தற்செயலானது இல்லை, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் வழக்குகள் பெரும்பாலும் கடைசியில் எடுக்கப்பட்டன என்று அதே ஆண்டு மறுப்பு வந்தது. அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பணமுடை அழுத்தும் அறுவடைக்கு முந்தைய காலத்தில் அதே விவசாயி அறிவுச் சோதனைகளில் மோசமாகச் செய்தார் என்று 2013-ல் முடிவு வெளியானது. ஏழைகள் தவறான முடிவெடுப்பது ஏழ்மையின் அழுத்தத்தால் என்ற அருமையான வாதத்துக்கு அது அடித்தளம் ஆனது. பிறகு 2016-ல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய சோதனையில் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. இதனால் கரும்பு விவசாயி ஆய்வு பொய்யாகிவிடாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வருமானமும் மாதச் சம்பளமும் ஒன்றில்லையே. ஆனால் கடன் தவணையை அறுவடையோடு பொருத்துவது போன்ற, தவறினாலும் பெரிய சேதம் இல்லாத மாற்றங்களுக்கு இந்த அளவு சான்று போதும். ஒருவரின் உரிமையைப் பறிக்கும் சட்டத்துக்குப் போதாது. எவ்வளவு சான்று வேண்டும் என்பது, தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தது.

படி 6: யாரைச் சோதித்தார்கள்?

உளவியல் ஆய்வுகளின் பெரும்பகுதி மேற்கத்திய நாடுகளின் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. பணத்தைப் பங்கிடும் சோதனை ஒன்றில் பெருவின் மச்சிகெங்கா மக்கள் மற்றவருக்குச் சராசரியாகக் கால் பங்கு அளவே கொடுக்க முன்வந்தார்கள், இந்தோனேசியாவின் லமலேராவில் திமிங்கிலம் பிடிப்பவர்கள் பாதிக்கு மேல் கொடுத்தார்கள். நேர்மை உணர்வு எங்கும் இருக்கிறது, அதன் அளவுகோல் வாழும் முறையோடு மாறுகிறது.

பதின்ம வயது ஆய்வில் நிலைமை ஓரளவு நல்லது. இந்தியா, கென்யா, சீனா, ஜோர்டான் உட்பட 11 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், பரபரப்பைத் தேடும் குணம் பதின்ம வயதின் முடிவில் உச்சம் தொட்டு இறங்குவதும், சுயக்கட்டுப்பாடு இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்வதும் பொதுவாகத் தெரிந்தன.

படி 7: சராசரியைத் தூக்கி ஒரு ஆள் மேல் வைக்காதீர்கள்

ஆய்வு சொல்வது ஒரு கூட்டத்தைப் பற்றி. நீதிமன்றத்தின் முன் நிற்பது ஒரு பிள்ளை. 16 வயதினரின் சராசரிக் கட்டுப்பாடு குறைவு என்பதால், இந்தக் குறிப்பிட்ட பையனின் கட்டுப்பாடு அந்த இரவில் குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. மாதங்கள் கழித்து அறையில் உட்காரவைத்து எடுக்கும் எந்தச் சோதனையும் அந்த நேரத்து மனநிலையை மீட்டெடுத்துக் காட்டாது.

ஆகவே கூட்டத்தைப் பற்றிய அறிவு கூட்டத்துக்கான விதிக்கே பொருத்தமானது: 18 வயதில் ஒரு கோடு போடுவது போன்ற விதிக்கு. ஒவ்வொருவராக அளந்து பிரிக்கும் விதிக்கு அதைவிடக் கூர்மையான கருவி வேண்டும், அந்தக் கருவி இன்று நம்மிடம் இல்லை. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த மதிப்பீடு நுட்பமான வேலை என்று சொல்லி, குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்த ஒருவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று விளக்கியது. நல்ல திருத்தம். நிபுணரிடமும் அந்த இரவைக் காட்டும் கருவி கிடையாது என்ற குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

படி 8: விதியே மனிதர்களை எப்படி மாற்றும் என்று பாருங்கள்

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்கள். பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வந்துகொண்டிருந்தார்கள். அவற்றில் 6 காப்பகங்களில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. "ஆசிரியர் காத்திருக்கிறாரே" என்ற கூச்சம் போய், "காசு கொடுத்துவிட்டேன்" என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. உரி நீசியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000-ல் வெளியிட்ட இந்த முடிவு, விதி வகுக்கும் எவரும் படிக்க வேண்டியது.

சிறாரைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கிடைத்த சான்றுகளைத் தொகுத்த ஒரு நிபுணர் குழுவின் அறிக்கை 2007-ல் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் வழியே வெளியானது. அப்படி மாற்றப்பட்டவர்கள் பின்னாளில் வன்முறையில் ஈடுபடுவது, சிறார் முறையிலேயே இருந்தவர்களைவிடப் பொதுவாகக் கூடுகிறது என்பதே அதன் முடிவு. பெரியவர்களின் சிறையில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் சகாக்கள் யார் என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. நம் சட்டம் 21 வயது வரை தனியான பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்வதும், மரண தண்டனையையும் விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையையும் விலக்குவதும் இந்தச் சேதத்தைக் குறைக்கும் என்று நினைக்கிறேன்.

தண்டனை எப்படி இருந்தால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்பதற்கு பொது வளங்களை மக்கள் எப்படிப் பகிர்ந்து காக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் பார்த்த பாசனச் சமூகங்கள் நல்ல பள்ளிக்கூடம். ஸ்பெயினின் வாலென்சியாவில் விவசாயிகளின் நீர் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடும். இலங்கையின் கல் ஓயாவில் 1980-களில் விவசாயிகள் தங்களுக்குள் அமைப்புகள் உருவாக்கி, வாய்க்காலைத் தூர்வாரி, தண்ணீரை முறைவைத்துப் பகிர்ந்தார்கள். வாலென்சியாவைப்போல் நீண்டகாலம் நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் ஆஸ்ட்ரோம் கண்ட பொதுக் கூறுகளில் ஒன்று, படிப்படியான தண்டனை. முதல் தவறுக்குச் சிறியது, திரும்பத் திரும்பச் செய்தால் பெரியது, கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பரிணாம உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சனோடும் மைக்கேல் காக்ஸோடும் சேர்ந்து அவர் எழுதி 2013-ல் வெளியான கட்டுரை, இந்தக் கூறுகள் குழு ஒத்துழைப்பின் பரிணாமத்தோடு எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டியது. ஏரிப் பாசனமும் குடிமராமத்தும் தெரிந்த நமக்கு இது அந்நியமான செய்தி கிடையாது.

படி 9: தவறினால் யார் தலையில் விழும்?

1871-ல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றம் பரம்பரையாக, பிறப்பிலேயே வருகிறது என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். ஐரோப்பாவில் "பிறவிக் குற்றவாளி" என்ற கருத்து அறிவியல் என்ற பெயரில் பரவிக்கொண்டிருந்த காலம் அது, அந்தக் கருத்தைப் பரப்பிய இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவின் நூல் 1876-ல் வெளிவந்தது. 1911-ல் இந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிரமலைக் கள்ளர் உட்படப் பல சமூகங்களின் ஆண்கள் ரேகை பதிக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்துக்குப் போய்த் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆனது. மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் செத்து விழுந்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது, நாடு முழுக்க 1952-ல். சீர்மரபினர் என்ற பெயரில் அந்தச் சமூகங்கள் இன்னும் அதன் தழும்பைச் சுமக்கின்றன.

அமெரிக்காவில் 1927-ல் பக் எதிர் பெல் வழக்கில், "மனவளம் குன்றியவர்" என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. அதுவும் அறிவியலின் பெயரால்தான்.

இரண்டிலும் ஒரே கோலம். சான்று மெலிந்தது, உறுதி பெரியது, விலை கொடுத்தவர்கள் முடிவெடுத்த அறையில் இல்லை. ஆகவே உங்கள் தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கூற்று ஒரு பிறப்புக் குழுவைக் குறிவைக்கிறதா? பாதிக்கப்படுபவர் எதிர்த்துப் பேச வழி இருக்கிறதா? தவறு தெரிந்தால் திருப்பி எடுக்க முடியுமா? முதலாவதற்கு "ஆம்" என்றாலோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலோ, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 10: மதிப்பு வாக்கியத்தை மறைக்காமல் எழுதுங்கள்

பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கேட்கும் தண்டனையை "பழிவாங்கும் உணர்ச்சி" என்று ஒதுக்கிவிடுவது சிலருக்கு எளிதாக இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கேக்டர் இருவரும் 2002-ல் வெளியிட்ட சோதனையில், இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்தும், சுரண்டுபவரைத் தண்டிக்க மக்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் செலவழித்தார்கள். அந்தக் கோபம் இருந்ததால் ஒத்துழைப்பு நிலைத்தது. கோபம் எங்கிருந்து வந்தது என்று பரிணாமம் விளக்கிவிட்டதால் அது நியாயம் என்றும் ஆகாது, பொய் என்றும் ஆகாது. அதற்கு எவ்வளவு இடம் தருவது என்று நாம்தான் முடிவு செய்து, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

என் வாக்கியத்தை எழுதுகிறேன்: தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறன் முழுமையடையாத ஒருவரின் பழி குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. குற்றத்தின் கொடுமைக்கு ஏற்ற நீண்ட, கடுமையான மறுவாழ்வுக் காலம் இருக்கட்டும், ஆனால் அது சிறார் முறைக்குள்ளேயே இருக்கட்டும். இதை அறிவியல் நிரூபித்தது என்று நான் சொல்ல மாட்டேன். சிறார் முறையை விட்டு மாற்றுவது வன்முறையைக் கூட்டுகிறது என்ற சான்றும், தனி ஆளை அளக்கும் கருவி இல்லை என்ற உண்மையும், பிள்ளைகள் திருந்த வாய்ப்புத் தர வேண்டும் என்ற என் நம்பிக்கையும் சேர்ந்த முடிவு இது. மூன்றாவதை மறுப்பவர் வேறு முடிவுக்கு வரலாம். அவரோடு எங்கே வாதிட வேண்டும் என்பதாவது இப்போது தெளிவாக இருக்கும்.

படி 11: எழுதி அனுப்புங்கள்

2014-ல் மத்திய அரசு எடுத்த முடிவின்படி, சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். நாடாளுமன்றக் குழுக்களும் விளம்பரம் தந்து கருத்துக் கேட்கும். சிறார் மசோதாவை ஆராய்ந்த நிலைக்குழு 2015 பிப்ரவரியில் தந்த அறிக்கையில், 16-18 வயதினரைப் பிரிக்கும் பகுதியை எதிர்த்தது. அரசு ஏற்கவில்லை என்றாலும், அந்த வாதம் ஆவணத்தில் இருக்கிறது, பின்னாளில் எடுத்துக் காட்டலாம்.

உங்கள் மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தப் பிரிவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடுத்து உண்மை பற்றிய கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "உறுதி", "ஓரளவு", "ஊகம்" என்று குறிப்பு. அடுத்து உங்கள் மதிப்பு வாக்கியம், அதற்கென்று தனிப் பத்தியில். கடைசியாக, எதை அளக்க வேண்டும் என்ற கோரிக்கை. 15-வது பிரிவுக்கு நான் கேட்பவை மூன்று எண்கள்: முதற்கட்ட மதிப்பீட்டுக்கு உள்ளானவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெரியவர்களாகக் கருதப்பட்டு விசாரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், விடுதலையான ஐந்து ஆண்டுக்குள் இரு பிரிவினரிலும் மீண்டும் குற்றத்தில் சிக்கியவர்கள் எத்தனை பேர். மாவட்டவாரியாக, ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரோ அடையாளமோ வெளிவராதபடி எண்களை மட்டும் கேளுங்கள், சட்டமும் அதைத்தான் அனுமதிக்கிறது.